எஞ்சினை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்

தம்பி,

வேலை முடிந்து போனைக் கையில் எடுத்ததும் நீ முதலில் கௌசியைப் பற்றிக் கேட்பாய். அடுத்த மூச்சில் காரைத் திரும்ப ரியூன் பண்ணி எஞ்சினைச் சரிப்படுத்தினோமா இல்லையா என்று கேட்பாய். உங்களுடைய போன்களைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத்தான் கட்டாரில் வேலைக்குள் விடுகிறார்கள் என்பதால் பொழுதுபடும்வரை உன்னைப் பிடிக்க முடியாது. அதுவரை என்னால் சும்மா இருக்கவும் முடியாது. அவள், உன் பெண்சாதி, பிரசவ அறைக்குள் இருக்கிறாள். உன் அம்மா அந்த வாசலில் ஒரு கதிரையைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரி வளவில் வேப்பமரத்துக்குக் கீழே காருக்குள் இருந்தபடி கதவைத் திறந்தேன், பூட்டினேன், பொய்க்காலைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன், கடைசியில் இதை எழுதத் தொடங்கினேன். போனில் என்றால் பாதியில் எனக்குக் கோபம் வந்துவிடும், உனக்கும் வந்துவிடும். அப்பா எழுதினால் நீ குறுக்கே கதைக்க முடியாது.

காரின் கதையை முதலில் இருந்தே சொல்கிறேன். இடையில் நடந்த சிலவற்றை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து உனக்கு மறைத்தோம். தூரத்தில் இருக்கிறவனை ஏன் பதற வைக்க வேண்டும் என்று நினைத்தோம். இப்போது மறைக்க ஒன்றுமில்லை. தகப்பனாகப் போகிறவன் நீ, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வலது கால் முழங்காலுக்கு மேலோடு போனபிறகு நான் பின்சீற்றில் ஏற்றி இறக்குகிற சாமானாகிவிட்டேன். ஒருகாலத்தில் இந்த வன்னி முழுக்க ஹயருக்குக் கார் ஓடின மனிதனுக்கு அதைவிட அவமானம் வேறில்லை. அதை நீ ஒருவன்தான் விளங்கிக்கொண்டாய். பழைய ஒட்டோமற்றிக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, ஸ்ரியறிங்குக்குக் கீழே என் வலது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு லீவர் பூட்டி, அதை மோட்டார் சைக்கிள் வயரால் எஞ்சினோடு இணைத்தாய். லீவரை இழுத்தால் வேகம், பிறேக்குக்கு இடது கால். அதோடு ஒரு திருகாணியைத் திருகி ஸ்லோவையும் கொஞ்சம் கூட்டி வைத்தாய். லீவரைத் தொடாமல் விட்டாலும் எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் அந்த அடிவேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், பிறேக்கை விட்டதும் கார் மெல்ல நகரும், எனக்கு லேசு என்றாய். விமான நிலையத்தில் வைத்துக்கூட, உன்னைக் கேட்காமல் ஒருவரையும் தொட விடக்கூடாது, தொட்டால் திரும்ப ரியூன் பண்ண வேண்டும் என்று சொன்னாய். பெண்சாதியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது அதற்குப் பிறகுதான். கௌசி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

காரைச் சேர்விஸுக்கு விடுவோம் என்றது அவள்தான். மாதம் நெருங்குகிறது, ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே இருக்கிற எங்கள் வீட்டுக்கு, பொழுதுபட்டால் யானைக்குப் பயந்து ஒரு ஓட்டோவும் வராது, இந்தக் காரை நம்பித்தான் இருக்கிறோம் என்றாள். சரியான கதைதான். புதுக்குடியிருப்பில் அவள் கணக்குப் படிப்பிக்கிற ரியூசன் கொட்டிலுக்குப் பக்கத்துக் கராஜில் விட்டோம். அங்கே வேலை செய்கிற பெடியன் ஒயில் மாற்றினான். பழைய இனத்திலேயே புதுப் பிளக் போட்டான். காற்று வடிகட்டியை மாற்றினான், பற்றறியைக் கழற்றித் துடைத்தான். கடைசியில், காற்று எஞ்சினுக்குள் போகிற வாயில் காலம் காலமாகப் படிந்திருந்த கரியையும் கழுவிவிட்டான். நாங்கள் அதைக் கேட்கவில்லை. நல்லது செய்வோம் என்று செய்திருக்கிறான், அவனில் பிழையில்லை.

ஆனால் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. அடைத்திருந்த வாய் திறந்ததும் உள்ளே போகிற காற்றுக் கூடிவிட்டது, நீ கூட்டி வைத்த ஸ்லோ இன்னும் கூடிவிட்டது. இரண்டு நாள் ஓடினால் காரின் கொம்பியூட்டர் தானாகப் பழகிக்கொள்ளும் என்றான் அவன். திருகாணியை யாரோ கூட்டி வைத்திருக்கிறார்கள், குறைத்து விடவா என்றும் கேட்டான். என் மகன் வைத்தது, கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன். நீ போனில் சத்தத்தைக் கேட்டுவிட்டு, கட்டாயம் ரியூன் பண்ண வேண்டும், அதுவரை ஓட வேண்டாம் என்று சத்தம் போட்டாய். நான் உன்னை நம்பவில்லை. அதற்கு நீயும் ஒரு காரணம். போன வருடம் வெறும் ஒயில் மாற்றினதற்கே ரியூன், ரியூன் என்று என்னைக் கொழும்புக்குத் துரத்தப் பார்த்தவன் நீ. எல்லாவற்றுக்கும் ஒரே கூப்பாடு போட்டால், உண்மையாகக் கூப்பாடு போட வேண்டிய நாளில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைக் கவனத்தில் வைத்துக்கொள், நாளைக்குப் பிள்ளையிடமும் இப்படிச் செய்யாதே.

ஆனால் திருகாணியைத் தொட விடாததற்கு உன் பேர் வெறும் சாட்டு. எனக்கு அந்த உறுமல் பிடித்திருந்தது. இப்படி ஓடுகிற எஞ்சின் நடுவழியில் நிற்காது என்று நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல். ஏன் என்று உனக்குத் தெரியும், எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். யுத்தத் தடையால் பெற்றோலே வராத அந்தக் காலத்தில் நாங்கள் எல்லோரும் கார்களை மண்ணெண்ணெயில் ஓட மாற்றி வைத்திருந்தோம். எடுக்கிறதற்கு மட்டும் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல். அதைக் கொஞ்சம் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு விடுவோம். அதன்பிறகு நிற்பாட்டவே மாட்டோம். ஆளை இறக்கும்போதும், தேத்தண்ணி குடிக்கும்போதும், செத்தவீட்டு வாசலிலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால் போத்தலில் பெற்றோல் வேண்டும், அதற்கு எங்கே போவது? அதனால் எல்லோரும் ஸ்லோவைக் கூட்டித்தான் வைத்திருந்தோம். அந்தக் காது இன்னும் எனக்கு இருக்கிறது. எஞ்சின் அமைதியாக ஓடினால் நின்றுவிட்டதோ என்று காது கொடுத்துக் கேட்பேன்.

நீ பிறந்த கதையும் அதுதான். உன் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மதகடியில் கார் நின்றது, போத்தல் வெறுமையாகக் கிடந்தது, வயலால் வந்துகொண்டிருந்த பெண்கள் சீலையால் மறைத்துக்கொண்டு நிற்க நீ வீதிக்கரையில் பிறந்தாய். ஸ்லோ குறைந்ததால் நின்றது என்று இவ்வளவு காலமும் நான் சொல்லி வந்தேன். உன்னை "மதகடியான்" என்று பகிடி பண்ணியும் வளர்த்தேன். அன்றைக்கு ஏதும் பிழைத்திருந்தால் நீயுமில்லை, அவவுமில்லை. கௌசிக்கு மாதம் ஏற ஏற, எனக்கு வேறு ஒரு பயமும் இல்லை, கார் நிற்கக்கூடாது என்பது ஒன்றுதான்.

இனி மறைத்ததைச் சொல்கிறேன். போன கிழமை கிளினிக்குக்குப் போய்விட்டு நானும் கௌசியும் திரும்பி வருகிறோம். பொழுது சாய்கிற நேரம். காட்டு வளைவில் திரும்பினால் வீதியின் நடுவில் தனியன் யானை. பிறேக்கை அமத்திக்கொண்டு நின்றேன். பின்னுக்கு எடுப்போம் என்றால் வளைவு, பின்னால் என்ன வருகிறதென்று தெரியாது. யானை அசையவில்லை. எஞ்சினோ முன்னுக்குத் தள்ளுகிறது. இருக்கிற ஒற்றைக் காலால் முழுப் பலத்தோடும் அமத்திக்கொண்டு இருக்கிறேன், தொடை நடுங்குகிறது, கார் அங்குலம் அங்குலமாக யானைப் பக்கம் நகருகிறது. கௌசி கையை நீட்டிக் கியரை நியூற்றலுக்குத் தள்ளினாள். பாரம் விலகினதும் எஞ்சின் இன்னும் பெரிதாக அலறியது. யானை காதை விரித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது.

உன் பெண்சாதி எங்களோடு கதைக்கும்போது எங்களைப் போலத்தான் கதைப்பாள். மனம் கலங்கினால் மட்டும் ஸ்கந்தபுரத்தில் அவளுடைய தாய் பேசுகிற மலையகப் பேச்சு வந்துவிடும். என் கையில் கையை வைத்துச் சொன்னாள்:

"மாமா, நிப்பாட்டுங்க. சாவியத் திருப்புங்க."

"நிண்டால் திரும்ப எடுக்காது, பிள்ளை."

"எடுக்கும் மாமா. திருப்புங்க."

திருப்பினேன். அந்தச் சாவியைத் திருப்புகிறதற்கு நான் பட்ட பாடு, ஷெல்லுக்குள் ஓடின நாளில்கூடப் படவில்லை. சத்தம் நின்றது. யானை எங்களைப் பார்த்தது, நாங்கள் யானையைப் பார்த்தோம். கௌசி வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அது ஒரு கொப்பை முறித்து வாயில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் இறங்கிப் போனது. நான் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எடுத்தது. 'நான் சொன்னேனே' என்று அவள் சொல்லியிருக்கலாம், வசதியாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து குசினி வாசலில் இருந்து அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். இனியும் ஸ்லோவைக் குறைக்கப் பயமாக இருக்கிறது, மதகடியில் நடந்ததை மறந்துபோனியோ என்று கேட்டேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிற்பாட்டாமலே சொன்னார்:

"அண்டைக்கு ஸ்லோ குறைஞ்சு நிக்கேல்லை. நான் பின்சீற்றில கிடந்து பாத்தனான். நான் கத்தினதும் நீங்கள் பதறிப்போய் அக்சிலேற்றரை ஒரே மிதியா மிதிச்சியள். அது மூச்சடைச்சு நிண்டது."

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான். பிறகு அந்தக் காலே போயிட்டுது. போன காலில என்ன பிழை பிடிக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது, தம்பி. வெட்கமாகவும் இருந்தது. உன் அம்மாவில் கோபமும் வந்தது, சொல்லாததற்கா இப்போது சொன்னதற்கா என்று தெரியாத கோபம். அன்றிரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தேன். எஞ்சினில் பிழை என்று நான் கட்டிவைத்த பயத்தை உனக்கும் ஊட்டி வளர்த்தேன். நீ எதற்கெடுத்தாலும் ரியூன், ரியூன் என்று பதறுகிறாயே, அது யாரிடமிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

விடிந்ததும் கௌசியிடம் போய், நீயே முடிவு சொல், ரியூன் பண்ண வேண்டுமா வேண்டாமா, கராஜ்காரன் ஒன்று சொல்கிறான், உன் புருசன் ஒன்று சொல்கிறான் என்றேன். அவள் என் ஊன்றுகோலை வாங்கினாள். குனிய முடியாததால் கதிரையில் இருந்தபடியே அதன் நுனியால் முற்றத்து மணலில் இரண்டு வட்டம் கீறினாள், ஒன்றை ஒன்று வெட்டுகிற மாதிரி. அவளுடைய ரியூசன் பிள்ளைகளுக்குக் கீறுகிற அதே வட்டங்கள்தான். ஒரு வட்டத்துக்குள் கராஜில் தொட்டது எல்லாம், மற்றதுக்குள் நீ மாற்றி அமைத்தது எல்லாம். ஒயில், பிளக், வடிகட்டி, பற்றறி எல்லாம் முதல் வட்டத்துக்குள் தனியாக நின்றன. அவை பழையபடியே போட்ட சாமான்கள், உன்னுடைய வேலைக்கும் அவற்றுக்கும் தொடுப்பில்லை. ஆனால் காற்றுப் போகிற வாயைக் கழுவினார்களே, நீ பூட்டின வயரும் நீ கூட்டின திருகாணியும் அந்த வாயில்தானே இருக்கின்றன? அது மட்டும் நடுவில் விழுந்தது.

"நடுவுல ஒண்ணு இருக்கு மாமா. அப்ப அதை மட்டும் சரி செய்யணும். ஒண்ணும் இல்லாம இருந்திருந்தா சும்மா விட்டிருக்கலாம்."

இவ்வளவுதான். நீயும் நானும் எத்தனை நாள் போனில் அடிபட்டோம். நீ எல்லாவற்றையும் ரியூன் பண்ணச் சொன்னாய், நான் ஒன்றையும் வேண்டாம் என்றேன். எது தொடப்பட்டது, அதில் எது நம்முடையது என்று இருவரும் பார்க்கவில்லை. இவளை நீ கட்டப் போகிறாய் என்றபோது மலையகத்துப் பெண் என்று எங்கள் சொந்தத்தில் சிலர் முகத்தைத் திருப்பினார்கள். அப்போது நான் அவர்களோடு வாதாடாமல் பேசாமல் இருந்தேன். இனி யாராவது வாய் திறந்தால் நான் பேசாமல் இருக்க மாட்டேன்.

அன்றைக்கே கராஜுக்குப் போனோம். பெடியன் திருகாணியைக் குறைத்து, வயரில் கொஞ்சம் தளர்வு விட்டு, லைற்றையும் ஏசியையும் போட்டு எஞ்சினைச் சும்மா ஓட விட்டு, அது தானாக அடங்குகிற மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அது ஓடினது எனக்குக் கேட்கவேயில்லை. செத்துப்போச்சு என்றே நினைத்தேன். எஞ்சின் சரியாகிவிட்டது, இனி என் கைதான் சரியாக வேண்டும். பழைய உறுமலுக்குப் பழகின கை லீவரை வெடுக்கென்று இழுக்கும், கார் துள்ளும். அறுவடை முடிந்த எங்கள் வயலில் காரை இறக்கிப் பழகினேன். இந்த வயதில் எல் போட் மாட்டாத குறை. வரம்பில் ஏற்றிவிட்டேன் ஒருதரம். அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்து சிரித்தார். கௌசி சிரிக்கவில்லை, "இன்னொரு தடவ மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய ரியூசனில் படிக்கிற பிள்ளைகள் பாவம்.

இன்று காலையில் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கௌசி வலி வந்து அப்படியே கதவு நிலையைப் பிடித்தாள். அம்மா அவளைப் பின்சீற்றில் ஏற்றித் தானும் ஏறினார். சாவியைத் திருப்பினேன். காட்டு வீதியில் அவள் முதல்முறை முனகினபோது என் வலது கை லீவரை இழுக்கப் போனது. இல்லாத காலும் சேர்ந்து மிதித்தது, சத்தியமாக. அந்தக் காலின் பெருவிரல் வரைக்கும் எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பிடித்து வைத்தேன். ஒரு இடத்தில் மாட்டுப்பட்டி ஒன்று வீதியை அடைத்துக்கொண்டு போனது. பிறேக்கில் காலை வைத்தேன், கார் பேசாமல் நின்றது, தள்ளவில்லை. சத்தமே இல்லை. "ஓடுதோ?" என்று அம்மாவைக் கேட்டேன். "ஓடுது, நீங்கள் முன்னுக்குப் பாருங்கோ" என்றார். கௌசி அந்த வேதனைக்குள்ளும் சிரித்த மாதிரி இருந்தது, கண்ணாடியில் கண்டேன்.

வந்து சேர்ந்தோம். அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? எஞ்சினை ஓடவிட்டபடியே இருந்தேன். பழக்கம். காவலாளி வந்து, ஏன் ஐயா சும்மா ஓடவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். நிறுத்திவிட்டு, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இதை எழுதத் தொடங்கினேன். நிழல் நகர்ந்து வெயில் மடியில் விழுந்துவிட்டது. உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. ஏற்கெனவே ஒருதரம் கேட்கப் போய் ஏச்சு வாங்கிவிட்டேன். பதறாதே என்று உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன், எழுத வரவில்லை. நான் பதறிக்கொண்டுதான் இருக்கிறேன். பதறு, ஆனால் பதறுகிற கையை லீவரில் வைக்காதே. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

அம்மா வாசலுக்கு வந்து கையைக் காட்டுகிறார். போய்விட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

தம்பி, மகள். இரண்டு பேரும் சுகம். பிள்ளைக்கு உன்னுடைய மூக்கு, பாவம். என்னை வாசல்வரைக்கும் விட்டார்கள், அங்கிருந்தே கௌசியின் கட்டில் தெரிந்தது. முகம் வெளிறிப்போய்க் கிடந்தாள், தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. பிள்ளையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். மெல்லத் தலையைத் திருப்பி,

"மாமா, கார நிப்பாட்டிட்டீங்களா?" என்று கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டுக் கண்ணை மூடினாள். நான் அழுதேன், பார்த்துக்கொண்டு நின்ற எல்லோருக்கும் முன்னால் அழுதேன்.

உன் மகள் வீதியில் பிறக்கவில்லை, தம்பி.

அப்பா